ஏடிஎம் லைனில் வேகக் குறைவும் சிஆர்சி எர்ரரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமை அலுவலகத்தையும் கிளைகளையும் இணைக்கும் ஏடிஎம் லைன்கள், பிறகு ஏடிஎஸ்எல் இணைப்புகள் என்று பல வருடங்கள் இந்த வேலையைப் பார்த்தவன் நான். புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். ஈத்தர்நெட்டில் பழகிய கண் ஏடிஎம்மில் ஏமாந்துபோகும் இடங்கள் அவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. சார், ஏடிஎம்னா பேங்க் ஏடிஎம் மெஷினுக்குப் போற லைனா?

இல்லை. இது அசிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட். எந்தத் தகவலாக இருந்தாலும் 53 பைட் நீளமுள்ள செல்களாக வெட்டி அனுப்பும் முறை. அதில் 5 பைட் ஹெடர், 48 பைட் சரக்கு. தொலைபேசிப் பேச்சு தாமதமில்லாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் செல் இவ்வளவு சிறியது. 64 பைட் வேண்டும் என்று அமெரிக்கத் தரப்பும் 32 போதும் என்று ஐரோப்பியத் தரப்பும் நின்றதால், நடுவில் 48 என்று முடிவானது.

2. இப்ப யாருங்க ஏடிஎம் வச்சிருக்காங்க? இதை ஏன் கத்துக்கணும்?

முதுகெலும்பு நெட்வொர்க்குகளில் எம்பிஎல்எஸ்ஸும் ஈத்தர்நெட்டும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் ஏடிஎஸ்எல், ஏடிஎஸ்எல்2+ இணைப்பு எங்கே ஓடுகிறதோ அங்கே உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஏடிஎம் செல்தான். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடத்தில் விபிஐ 0, விசிஐ 35 என்று நிரப்பிய ஞாபகம் பலருக்கும் இருக்கும். அது ஒரு ஏடிஎம் சர்க்யூட்டின் முகவரி. பழைய 3ஜி டவர்களுக்கு ஈ1 (2 எம்பிபிஎஸ்) லைன்களைச் சேர்த்துக் கட்டியதும் ஏடிஎம் மேல்தான். இப்படி ஒரு லைன் உங்கள் கையில் வந்தால், அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். அதற்காகத்தான் இது.

3. 155 எம்பிபிஎஸ் லைன்னு சொன்னாங்க. எஃப்டிபி 134-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. மிச்சம் எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, லைன் நன்றாகவே இருக்கிறது. எஸ்டிஎம்-1 லைனின் வேகம் 155.52 எம்பிபிஎஸ். அதில் எஸ்டிஎச் (செல்களைச் சுமக்கும் ஃபைபர் லைன் முறை) ஃப்ரேமின் சொந்தச் செலவு போக, செல்களுக்குக் கிடைப்பது 149.76. இனி ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் ஐபி-க்கு வழக்கமான எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 9180 பைட். அதோடு உள்ளே இருப்பது எந்த வகைப் பாக்கெட் என்று சொல்லும் எல்எல்சி/ஸ்னாப் ஹெடர் 8 பைட், பாக்கெட்டைச் செல்களாக வெட்டும் முறையான ஏஏஎல்5-ன் வால் 8 பைட், ஆக 9196. இதை 48-ஆல் வகுத்தால் 191-க்கு மேல் கொஞ்சம் வரும்; 192 செல் வேண்டும். 192 செல் என்றால் லைனில் 10,176 பைட். அதில் உங்கள் ஃபைலின் பங்கு, டிசிபி-ஐபி ஹெடர் 40 பைட் போக, 9140. கணக்குப் போட்டால் 134.5 எம்பிபிஎஸ். நீங்கள் பார்த்த எண் அதுதான்.

வேகம் குறைவு என்று யார் வந்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். கணக்கு சொல்லும் எண்ணும் கண்ணில் தெரியும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அங்கே தேட ஒன்றுமில்லை.

4. வீட்டு மோடத்துல 2048 கேபிபிஎஸ்னு காட்டுது. டவுன்லோடு 214 கேபி-யைத் தாண்டல. ஏமாத்துறாங்களா?

அதே கணக்குதான், எண்கள் மட்டும் வேறு. பிபிபிஓஈ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பில் எம்டியு 1492. பிபிபி 2, பிபிபிஓஈ 6, ஈத்தர்நெட் ஹெடர் 14, எல்எல்சி 10, ஏஏஎல்5 வால் 8 என்று சேர்த்தால் 1532. அதற்கு 32 செல், லைனில் 1696 பைட். உங்கள் ஃபைலுக்கு அதில் 1452. 2048-ல் இந்த விகிதம் 1753 கேபிபிஎஸ்; ஒரு கேபி-க்கு 1024 பைட் என்று எண்ணினால் நொடிக்கு 214 கேபி. யாரும் ஏமாற்றவில்லை.

5. இன்டர்ஃபேஸ்ல சிஆர்சி ஏறிக்கிட்டே இருக்கு. லைன் கெட்டுப்போச்சுன்னு கம்ப்ளைன்ட் போட்டுடலாமா?

பொறுங்கள். மற்ற எந்தத் தப்பையும்விட இந்தத் தப்பைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிஆர்சி என்பது தகவல் மாறாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண். ஈத்தர்நெட்டில் சிஆர்சி எர்ரர் என்றால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்படுவோம். ஏடிஎம்மில் அந்தப் பழக்கம் உங்களைத் தவறான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

அனுப்பும் ரூட்டர் பாக்கெட்டை 48 பைட் துண்டுகளாக வெட்டும்போது கடைசித் துண்டின் வாலில் பாக்கெட்டின் நீளத்தையும் 32 பிட் சிஆர்சி-யையும் எழுதுகிறது. அந்தச் செல்லின் ஹெடரில் ‘இதுதான் கடைசி’ என்று ஒரு பிட் அடையாளம். பெறும் ரூட்டர் வரும் செல்களை வரிசையாக அடுக்கி, கடைசிச் செல் வந்ததும் சிஆர்சி-யைச் சரிபார்க்கிறது. செல்லுக்கு வரிசை எண் கிடையாது. அதனால் நடுவில் ஒரு செல் காணாமல் போனாலும், ஒரு செல்லுக்குள் ஒரு பிட் புரண்டாலும், பெறும் ரூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்: சிஆர்சி பொருந்தவில்லை. கடைசிச் செல்லே காணாமல் போனால் அடுத்த பாக்கெட் இதன் முதுகில் ஏறி ஒட்டிக்கொள்ளும். ஒரே செல் இழப்பில் இரண்டு பாக்கெட் போய்விடும்.

ஆகவே ஏடிஎம் சிஆர்சி சொல்வது ‘பாக்கெட் முழுதாக வந்து சேரவில்லை’ என்பதை மட்டும். லைன் கெட்டதா, நடுவில் யாராவது செல்லை எடுத்துப் போட்டார்களா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

6. ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எச்இசி கவுன்ட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு செல் ஹெடரின் ஐந்தாவது பைட் எச்இசி. அது முதல் நான்கு பைட்டைக் காக்கிறது. ஒரு பிட் தவறினால் திருத்தவும் செய்யும், அதற்கு மேல் தவறினால் செல்லைத் தள்ளிவிடும்.

ஏடிஎம் லைன் ஒரு கணமும் காலியாக இருப்பதில்லை. அனுப்ப ஒன்றுமே இல்லாவிட்டாலும் வெற்றுச் செல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்டிஎம்-1-ல் நொடிக்கு 3,53,207 செல்; பகல் பதினொரு மணிக்கும் அதே, இரவு இரண்டு மணிக்கும் அதே. லைனில் பிட் புரண்டால் வெற்றுச் செல்லின் ஹெடரிலும் புரளும். அதனால் லைன் கெட்டிருந்தால் யாரும் வேலை செய்யாத நேரத்திலும் எச்இசி ஏறும். எச்இசி பூஜ்யத்தில் நிற்க, ஏஏஎல்5 சிஆர்சி மட்டும் அலுவலக நேரத்தில் ஏறுகிறதா? செல்களை யாரோ வழியில் தள்ளுகிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எச்இசி ஒவ்வொரு தாவலிலும் புதிதாகச் சரிபார்க்கப்படுகிறது. உங்கள் ரூட்டரில் பூஜ்யம் என்றால் உங்களுக்கும் பக்கத்து ஸ்விட்ச்சுக்கும் நடுவில் உள்ள துண்டு மட்டுமே சுத்தம். எட்டத்தில் உள்ள துண்டில் சரக்கில் பிட் புரண்டால் உங்கள் எச்இசி-க்குத் தெரியாது. அதற்கு விகிதத்தைப் பாருங்கள். பிட் புரளும் லைனில் நூறு பாக்கெட் போனாலும் லட்சம் பாக்கெட் போனாலும் சிஆர்சி விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். செல் தள்ளப்படும் லைனில் லேசான சுமையில் பூஜ்யமாக இருந்து, சுமை ஏறியதும் திடீரென்று குதிக்கும்.

7. சின்ன பிங் போகுது, பெரிய பிங் போகல. எம்டியு பிரச்சினை தானே?

எந்த அளவில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு பைட்டாக ஏற்றிப் பாருங்கள். எம்டியு பிரச்சினை என்றால் 1492, 1500, 4470 போன்ற தெரிந்த எண்ணில் நிற்கும். வேறு ஏதோ விசித்திர எண்ணில் நின்றால், அதோடு 16-ஐக் கூட்டி 48-ஆல் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் அது செல் எண்ணிக்கை. நடுவில் ஒரு போலீசர், அதாவது ஒப்பந்த வேகத்தை மீறும் செல்லைத் தள்ளும் காவலாளி, நிற்கிறான்.

ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் புது ரூட்டர் மாற்றிய மறுநாள் இதைக் கண்ணால் பார்த்தேன். அங்கே எஸ்டிஎம்-1 போர்ட். கிளைகள் ஒவ்வொன்றுக்கும் 2 எம்பிபிஎஸ் பிவிசி (நிரந்தரமாகக் கோர்த்த ஏடிஎம் சர்க்யூட்). கிளைகளில் வெறும் மெயில் வருகிறது, அட்டாச்மென்ட் வரவில்லை. கிளை ரூட்டரில் சிஆர்சி ஏறுகிறது, எச்இசி பூஜ்யம். தலைமை அலுவலகத்திலிருந்து பிங் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். 224 பைட் போனது. 225 போகவில்லை. திரும்ப 224, போகிறது. 225, ஐந்துக்கு ஐந்தும் போச்சு. 224-ம் 16-ம் 240, அதாவது சரியாக 5 செல். ஆறாவது செல்லைத்தான் யாரோ தள்ளுகிறார்கள்.

காரணம் நேரத்தில் இருக்கிறது. 2 எம்பிபிஎஸ் ஒப்பந்தம் என்றால் நொடிக்கு 4717 செல்; ஒரு செல்லுக்கும் அடுத்ததற்கும் 212 மைக்ரோசெகண்ட் இடைவெளி இருக்க வேண்டும். ஷேப்பிங் (செல்களை ஒப்பந்த இடைவெளி விட்டு அனுப்பும் அமைப்பு) போடாத புது ரூட்டர் ஒரு பாக்கெட்டின் செல்களை போர்ட் வேகத்தில், 2.83 மைக்ரோசெகண்டுக்கு ஒன்றாகக் கொட்டியது. நொடிக் கணக்கில் பார்த்தால் போக்குவரத்து 2 எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்விட்ச்சில் உள்ள போலீசர் நொடிக் கணக்கைப் பார்ப்பதில்லை, செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறது. சிடிவிடி என்ற சலுகைக்குள் முதல் ஐந்து செல்லை விட்டது, ஆறாவதைத் தள்ளியது. பழைய ரூட்டரில் இருந்த ஷேப்பிங் வரியைப் புதியதில் யாரும் எழுதவில்லை. எழுதியதும் கிளையில் சிஆர்சி அப்படியே நின்றது.

8. நாங்க ஷேப்பிங் போட்டிருக்கோம் சார், கரெக்டா 2 எம்பிபிஎஸ். அப்பவும் சிஆர்சி வருதே?

யாருடைய 2 எம்பிபிஎஸ்? 53 பைட்டையும் சேர்த்து எண்ணினால் 2 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 4717 செல். 48 பைட் சரக்கை மட்டும் எண்ணினால் அதே 2 எம்பிபிஎஸ் 5208 செல். நீங்கள் 48 பைட் கணக்கிலும் எதிர்த்தரப்பு, அதாவது லைன் தரும் நிறுவனம், 53 பைட் கணக்கிலும் எழுதியிருந்தால் நொடிக்கு 491 செல் தள்ளப்படும்.

இதன் விளைவு பயங்கரமானது. தள்ளப்படுவது பத்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. லைன் நிரம்பி ஓடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு பதினோராவது செல்லும் விழும். 1500 பைட் பாக்கெட்டுக்கு 32 செல் என்பதால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இரண்டு மூன்று செல் காணாமல் போகும். ஒன்பது சதவீத செல் இழப்பில் முழுப் பாக்கெட் ஒன்றுகூடத் தேறாது. அதனால் ஒப்பந்தத்தைக் கேபிபிஎஸ்ஸில் பேசாதீர்கள். நொடிக்கு எத்தனை செல் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் ரூட்டர் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதையும் அதன் கையேட்டில் பாருங்கள்.

9. பிசிஆர், எஸ்சிஆர், எம்பிஎஸ்... இதுல எது எது எவ்வளவு போடணும்?

எதிர்த்தரப்பு என்ன போட்டிருக்கிறதோ அதே. ஒரு செல்கூட அதிகம் வேண்டாம். பிசிஆர் என்பது உச்ச வேகம், எஸ்சிஆர் சராசரி வேகம், எம்பிஎஸ் என்பது உச்ச வேகத்தில் தொடர்ச்சியாக எத்தனை செல் விடலாம் என்பது. சிபிஆர் (மாறாத வேக) சர்க்யூட்டுக்குப் பிசிஆர் மட்டும் போதும். விபிஆர் (ஏறி இறங்கும் வேக) சர்க்யூட்டுக்கு மூன்றும் வேண்டும். யூபிஆர் எந்த உத்தரவாதமும் இல்லாதது: நெரிசல் வந்தால் முதலில் விழுவது அதன் செல்தான்.

சிலர் எம்பிஎஸ்ஸைத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். சராசரி சரியாக இருக்கும், பெரிய ஃபைல் போகும்போது மட்டும் சிஆர்சி வரும். சந்தேகமாக இருந்தால் பிசிஆர்-ஐயும் எஸ்சிஆர் அளவுக்கே இறக்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சிஆர்சி நின்றால் விடை கிடைத்துவிட்டது.

10. எங்க ரூட்டர்ல தான் சிஆர்சி ஏறுது. எதிர் ரூட்டர் சுத்தம். அப்ப எங்க கார்டு தானே போச்சு?

சிஆர்சி தெரிவது பெறும் முனையில். தப்பு நடப்பது அனுப்பும் முனையிலோ வழியிலோ. 7-ல் சொன்ன கதையில் சிஆர்சி ஏறியது கிளையில். வரி விட்டுப்போனது தலைமை அலுவலகத்தில். எதிர் ரூட்டர் சுத்தமாக இருக்கிறது என்றால் நீங்கள் அனுப்புவது சரியாகப் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். எதிர்முனையின் ஷேப்பிங்கைப் பாருங்கள். கார்டை மாற்றுவது கடைசி வேலை.

11. ஆயிரத்துல ஒரு செல் தானே போகுது? 0.1 சதவீதம் எல்லாம் ஒரு இழப்பா?

ஒரு செல் போனால் முழுப் பாக்கெட்டும் போச்சு. 32 செல் பாக்கெட் என்றால் ஆயிரத்தில் ஒரு செல் இழப்பு 3 சதவீதத்துக்கு மேல் பாக்கெட் இழப்பு. 9180 பைட், 192 செல் என்றால் 17 சதவீதத்தைத் தாண்டும். டிசிபி மூன்று சதவீதத்துக்கே தள்ளாடும், பதினேழில் படுத்துவிடும்.

அதைவிட வேதனையான ஒன்று உண்டு. நெரிசலில் ஸ்விட்ச் ஒரு செல்லைத் தள்ளிவிட்டு மிச்சம் 191 செல்லையும் மெனக்கெட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெறும் ரூட்டர் மொத்தத்தையும் குப்பையில் போடும். லைன் நிரம்பி ஓடுகிறது, உருப்படியாக ஒன்றும் சேருவதில்லை. 1994-ல் ரோமனோவும் ஃபிளாய்டும் இதை ஆராய்ந்து காட்டினார்கள். ஒரு செல் விழுந்தால் அந்தப் பாக்கெட்டின் மிச்சத்தையும் அங்கேயே தள்ளுவது பிபிடி. பஃபர் நிரம்பும் முன்பே புதுப் பாக்கெட்டை முதல் செல்லிலேயே மறுப்பது ஈபிடி. உங்கள் ஸ்விட்ச்சில் இவை இருந்தால் ஏஏஎல்5 சர்க்யூட்டுகளுக்குக் கட்டாயம் போட்டு வையுங்கள்.

12. ஓஏஎம் பிங் நூத்துக்கு நூறு வருது. அப்ப லைன் நல்லா இருக்குன்னு தானே அர்த்தம்?

சர்க்யூட் கோர்க்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். ஓஏஎம் லூப்பேக் என்பது சர்க்யூட்டைச் சோதிக்கப் போய்த் திரும்பும் ஒரே ஒரு செல். ஒற்றைச் செல்லுக்கு இடைவெளிப் பிரச்சினை கிடையாது, போலீசர் அதைத் தடுப்பதில்லை. 225 பைட் பிங் செத்துக் கிடந்த லைனில் ஓஏஎம் அழகாக வந்துகொண்டிருந்தது.

ஆனால் ஓஏஎம் வரவில்லை என்றால் அது மிக உபயோகமான தகவல். முதலில் செக்மென்ட் லூப்பேக், அதாவது பக்கத்து ஸ்விட்ச் வரை. பிறகு முனைக்கு முனை. எங்கே நிற்கிறதோ அந்தத் துண்டைப் பாருங்கள்.

13. எச்இசி-யும் ஏறுது சார். இப்ப என்ன செய்யறது?

இப்போது லைனைப் பாருங்கள். எஸ்டிஎச் லைனில் பி1, பி2, பி3 என்று மூன்று கவுன்ட்டர் உண்டு. பி1 ரீஜெனரேட்டர் துண்டு, பி2 மல்டிபிளெக்ஸர் துண்டு, பி3 முழுப் பாதை. மூன்றும் சேர்ந்து ஏறினால் உங்கள் வாசலில் உள்ள ஃபைபர். பி1, பி2 சுத்தம், பி3 மட்டும் ஏறினால் கோளாறு லைன் தரும் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு உள்ளே. ஆர்இஐ ஏறினால் நீங்கள் அனுப்புவதை எதிர்முனை எர்ரராகப் பார்க்கிறது.

ஃபைபர் என்றால் முதலில் கனெக்டரைத் துடையுங்கள். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் பாதையின் அகலம் 9 மைக்ரான் அளவு. ஒரு தூசி போதும் அதை மறைக்க. ஒரு டெக்னீஷியன் தம்பி கனெக்டரைச் சட்டை ஓரத்தில் துடைத்துச் செருகினான், எர்ரர் முன்பைவிட அதிகமானது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சிழை விடாத துணியும் வைத்துத் திரும்பத் துடைத்தபோது பி2 நின்றது. அடுத்து பேட்ச் கேபிளைப் பாருங்கள்: சிங்கிள் மோட் போர்ட்டில் ஆரஞ்சு நிற மல்டிமோட் கேபிளைச் செருகியிருப்பார்கள். தூரத்துக்கான லேசரைப் பக்கத்து ரேக்கிலேயே நேராகச் செருகினால் வெளிச்சம் அதிகமாகியும் எர்ரர் வரும். அட்டென்யுவேட்டர் போட வேண்டும்.

14. எர்ரர் ஒரே தாளத்துல வருது. ரெண்டரை செகண்டுக்கு ஒண்ணு, சுமை இருந்தாலும் இல்லாட்டியும்.

கிளாக். தாளம் தப்பாமல் வரும் எர்ரர் வேறு எதுவாகவும் இருப்பது அரிது. ஒரு முனை லைன் கிளாக்கை எடுக்காமல் தன் சொந்த கிளாக்கில் ஓடினால், நடுவில் உள்ள மல்டிபிளெக்ஸரின் பஃபர் மெல்ல மெல்ல நிரம்பி அல்லது காலியாகி ஒரு ஃப்ரேம் தவறும். ஈ1-ல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) விலகல் என்றால் நொடிக்கு 102 பிட். ஒரு ஃப்ரேம் 256 பிட். ஆக இரண்டரை நொடிக்கு ஒரு ஸ்லிப். லைன் தரும் நிறுவனத்தின் வழியாகப் போகும் லைன் என்றால் இரு ரூட்டரிலும் லைன் கிளாக் வையுங்கள். இரண்டு ரூட்டரை நேராக ஃபைபரில் கட்டினால் மட்டும் ஒன்றில் இன்டர்னல், மற்றதில் லைன்.

15. புதுசா போட்ட லைன். லிங்க் அப், அலாரம் இல்ல. ஆனா ஒரு பாக்கெட் கூட உருப்படியா வரல.

எல்லாப் பாக்கெட்டும் சிஆர்சி-யில் விழுகிறதா, எச்இசி சுத்தமா? ஸ்கிராம்ப்ளிங். டிஎஸ்3, ஈ3 லைன்களில் ஒரு முனையில் செல் ஸ்கிராம்ப்ளிங் போட்டு மறுமுனையில் போடாமல் விட்டால், கலைக்கப்படுவது 48 பைட் சரக்கு மட்டும். ஹெடர் தெளிவாக வரும். அதனால் செல் எல்லாம் வந்து சேரும், உள்ளே இருப்பது புரியாது. சிஆர்சி-யே ஏறாமல் பாக்கெட் மட்டும் வரவில்லை என்றால் என்கேப்சுலேஷனை (பாக்கெட்டைச் சுற்றி அனுப்பும் முறையை) பாருங்கள்: ஒரு முனை எல்எல்சி/ஸ்னாப், மறுமுனை விசி மக்ஸ். எதுவுமே வரவில்லை என்றால் விபிஐ, விசிஐ எண்.

16. நாலு ஈ1-ஐ ஐஎம்ஏ-வா சேர்த்தோம். ஒண்ணுல மட்டும் கொஞ்சம் எர்ரர். மூணு நல்லா இருக்கே, பரவாயில்லை தானே?

பரவாயில்லை என்று விடக் கூடாது. பல லைன்களை ஒன்றாகச் சேர்க்கும் ஐஎம்ஏ, செல்களை நான்கு லைனுக்கும் சுற்றிச் சுற்றிப் பகிர்கிறது. 32 செல் பாக்கெட்டில் 8 செல் அந்தக் கெட்ட லைன் வழியாகத்தான் போகும். ஏறக்குறைய எல்லாப் பாக்கெட்டும் அந்த லைனைத் தொட்டுத்தான் போகிறது. அதைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு மூன்றில் ஓட்டினால் வேகம் கூடும். பலர் நம்ப மறுப்பார்கள், எடுத்துக் காட்டுங்கள்.

17. எர்ரர் ஒண்ணுமே இல்ல, சுமையும் இல்ல. ஆனா ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு காப்பி பண்ணா 366 கேபிபிஎஸ்ல நிக்குது. 155 எம்பிபிஎஸ் லைன் சார்!

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஏடிஎம்மில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கிறது. 9180 எம்டியு-வில் டிசிபி-யின் ஒரு முழுத் துண்டு 9140 பைட். அனுப்பும் பழைய யூனிக்ஸ் சர்வரின் சாக்கெட் பஃபர் 16 கேபி, அதாவது 16,384 பைட் என்று வையுங்கள். ஒரு முழுத் துண்டு போனது. பஃபரில் மிச்சம் 7244. இது முழுத் துண்டு இல்லை. முன்னே போனதற்கு ஏசிகே (‘கிடைத்தது’ என்ற பதில்) வரும்வரை அரைகுறைத் துண்டை விடாதே என்கிறது நேகில் விதி. எதிர்முனையோ ஏசிகே-யைத் தாமதப்படுத்துகிறது: இரண்டாவது துண்டு வரட்டும், சேர்த்து அனுப்பலாம் என்று. அனுப்புபவர் ஏசிகே-க்காகக் காத்திருக்கிறார், பெறுபவர் துண்டுக்காகக் காத்திருக்கிறார். 200 மில்லிசெகண்ட் டைமர் முடிந்துதான் ஏசிகே வரும். பிறகு இன்னொரு துண்டு, இன்னொரு 200 மில்லிசெகண்ட்.

நொடிக்கு ஐந்து துண்டு, துண்டுக்கு 9140 பைட்: 366 கேபிபிஎஸ். உங்கள் எண் அப்படியே விழுகிறது. ஈத்தர்நெட்டில் துண்டு 1460 என்பதால் 16 கேபி-க்குள் பதினொன்று அடங்கும், இந்தச் சிக்கல் தலைகாட்டாது. பெறுபவரின் பஃபரை மட்டும் பெரிதாக்கினால் நிலைமை மோசமாகவும் கூடும், ஏனென்றால் விண்டோ அப்டேட் (இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்ற தகவல்) வரவும் தாமதமாகும். அனுப்புபவரின் பஃபரை முழுத் துண்டைப் போல் குறைந்தது மூன்று மடங்காக, 32 கேபி-யாகவோ 64 கேபி-யாகவோ ஆக்குங்கள். லைன் உடனே பறக்கும்.

18. பஃபரை 64 கேபி ஆக்கிட்டோம். பக்கத்து ஊருக்கு நல்லா இருக்கு, தூரத்துக்கு மட்டும் 26 எம்பிபிஎஸ்ல நிக்குது.

போய்த் திரும்ப 20 மில்லிசெகண்ட் ஆகும் லைனில், ஒரு சுற்றுக்கு 64 கேபி மட்டுமே வெளியே இருக்க முடியும் என்றால் உச்சம் 26 எம்பிபிஎஸ். 3-ல் சொன்ன 134-ஐ எட்ட வேண்டுமானால் சுமார் 335 கேபி விண்டோ வேண்டும். 1992-லிருந்தே டிசிபி-யில் விண்டோ ஸ்கேலிங் உண்டு. இரு முனையிலும் அது போடப்பட்டிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கைந்து காப்பி ஓட்டிப் பாருங்கள். மொத்த வேகம் கூடினால் லைனில் குறையில்லை, விண்டோதான்.

19. ஏடிஎஸ்எல் மோடத்துல மழை பெஞ்சா சிஆர்சி ஆயிரக்கணக்குல ஏறுது. இதுவும் போலீசிங்கா?

இல்லை. இங்கே பெயர்தான் ஒன்று. 5-ல் சொன்னது ஏஏஎல்5-ன் சிஆர்சி. மோடம் காட்டுவது ஏடிஎஸ்எல் லைனின் சொந்த சிஆர்சி, 17 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை சரிபார்க்கப்படுவது. தரவு போனாலும் போகாவிட்டாலும் அது எண்ணும். மழையில் ஏறினால் வழியில் எங்கோ ஜாயின்ட்டில் தண்ணீர். எஸ்என்ஆர் மார்ஜினை, அதாவது இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமிருக்கும் இடத்தை, பாருங்கள். 6 டிபி-க்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரலாம். ஜாயின்ட் சரியாகும்வரை வேகத்தைக் குறைத்து மார்ஜினை ஏற்றுவதும் இன்டர்லீவிங் (தரவைக் கலைத்துப் பரப்பி அனுப்புவது) போடச் சொல்வதும் உதவும். இன்டர்லீவிங்கில் தாமதம் மட்டும் சற்றுக் கூடும். மோடத்தின் பின்னால் எட்டணா ஃபில்டர் இல்லாமல் தொலைபேசி நேராகச் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

20. கம்ப்ளைன்ட் போட்டா ‘எங்க பக்கம் எல்லாம் ஓகே’ன்னு ஒரே பதில் வருது. எப்படி எழுதறது?

‘லைன் ஸ்லோ, சிஆர்சி வருகிறது’ என்று எழுதினால் அந்தப் பதில்தான் வரும். கவுன்ட்டரைச் சுழியாக்கி, நேரத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். சுமை உள்ள ஒரு மணி நேரம், சுமை இல்லாத ஒரு மணி நேரம், இரண்டும் வேண்டும். இரு முனையிலும் வேண்டும். நான் எழுதும் விதம் இது:

‘விபிஐ 0, விசிஐ 112. காலை 11 முதல் 12 வரை கிளை முனையில் ஏஏஎல்5 சிஆர்சி 2,140, எச்இசி 0, பி1, பி2, பி3 0. இரவு 2 முதல் 3 வரை எல்லாம் 0. தலைமை அலுவலக முனையில் எல்லா நேரமும் 0. தலைமை அலுவலகத்திலிருந்து பிங் 224 பைட் 100 சதவீதம், 225 பைட் 0 சதவீதம். எங்கள் ஷேப்பிங் பிசிஆர் நொடிக்கு 4717 செல். இந்த பிவிசி-க்கு உங்கள் ஸ்விட்ச்சில் உள்ள பிசிஆர், சிடிவிடி மதிப்புகளையும், போலீசிங்கில் தள்ளப்பட்ட செல் எண்ணிக்கையையும் தெரிவிக்கவும்.’